ஐஸ் தவுக்கேயும் முனகும் கதவும்

மலாக்காவில் மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்க டாக்டர்கள் இருந்தார்கள். சுவருக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்க எங்கள் ஐஸ் தவுக்கே ஒருவர்தான் இருந்தார்.

தவுக்கே என்றால் எங்கள் பக்கத்தில் முதலாளி. ஆற்றோரம் ஒன்று, பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகிற வழியில் ஒன்று என்று இரண்டு ஐஸ் பேக்டரி வைத்திருந்தார். பசாரில் மீன் நாறாமல் இருந்ததும், கல்யாண வீட்டில் சர்பத் சில்லென்று இருந்ததும் அவர் தயவில்தான். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். அது அவர் சம்சாரத்துக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாளோ புருஷன் பெயரை வாயால் சொல்லாத மனுஷி. ஆகவே கடைசிவரை ஐஸ் தவுக்கேதான். நான் அவரிடம் லோரி ஓட்டினேன்.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே மிதந்துகொண்டிருந்த காலம் அது. புது நாடு, புதுக் கொடி என்ற பேச்சோடு புது வீடு என்ற பேச்சும் சேர்ந்து கிளம்பியது. பழைய ஓட்டு வீட்டை இடி, சிமெண்டு பூசு, கண்ணாடி ஜன்னல் வை! எங்காவது கடப்பாரைச் சத்தம் கேட்டால் போதும், தவுக்கே சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார். இடிக்கிறவனின் கடப்பாரையைப் பிடித்துக்கொள்வார்.

"ஏம்பா, அது நின்னுக்கிட்டிருக்கே, கண்ணு தெரியலயா? விழுந்தப்புறம் இடி, நான் கேக்க மாட்டேன்."

பேச்சுக்கு மசியாதவனிடம் வீட்டையே வாங்கிவிடுவார். இப்படி அவர் கைக்கு வந்த வீடுகளின் சாவிகள் ஒரே வளையத்தில் இடுப்பில் தொங்கும். அவர் நடந்து வந்தால் அந்தச் சத்தத்தில் சாமி ஊர்வலம் வருகிற மாதிரி இருக்கும். ஜாலான் பெண்டஹாரா தெருவில் முடி வெட்டுகிறவர் ஒருவர் சொல்லுவார்: "தவுக்கே தெருவில போனா நாம அவருக்கு வணக்கம் சொல்றோம். அவரு நமக்குப் பின்னாடி இருக்கிற சுவத்துக்கு வணக்கம் சொல்றாரு." தவுக்கே சம்சாரம் இன்னும் ஒரு படி மேலே போவார்: "இந்த மனுசனுக்கு ஒரு தூணைப் பாத்துக் கட்டி வச்சிருந்தா ஒழுங்காக் குடும்பம் நடத்தியிருப்பாரு."

ஒருநாள் லோரியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரிடம் கேட்டே விட்டேன். "ஏன் தவுக்கே, பழைய வீடுன்னா அப்படி என்ன?"

பின்னால் ஐஸ் உருகிச் சாலையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் செய்யிறதெல்லாம் சாயங்காலத்துக்குள்ள தண்ணியாப் போயிடுதுப்பா. போகாம நிக்கிற ஒண்ண அப்பப்பத் தொட்டுப் பாக்க வேணாமா?"

நான் லோரியைக் கொஞ்சம் விரட்டினேன்.

அவருடைய வீடுகளுக்குச் சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம், கதவுக் கீலுக்கு எண்ணெய் போடக் கூடாது. "எண்ணெ போட்டா வீடு ஊமையாப் போயிடும்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கதவுச் சத்தத்தை வைத்தே இது எந்த வீடு என்று சொல்லுவார். அடுத்த சட்டம், ஆணி அடிக்கக் கூடாது. குடியிருந்தவன் ஒருவன் பாவம், காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடித்தான். தவுக்கே போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். திரும்பி வந்து, "தம்பி, ஒன்னால இந்தச் சுவரு தூங்காமக் கெடக்கு. வேற வீடு பாத்துக்க" என்றார். அதோடு மனிதர்கள் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ஒவ்வொரு வீடாகக் காலி செய்து பூட்டிவிட்டார். "ஆளு இருந்தாத்தான் தொல்லை. பூட்டி வச்சா பத்திரமா இருக்கும்" என்றார். தினமும் ஒரு வீட்டைத் திறப்பார், உள்ளே கொஞ்ச நேரம் நிற்பார், பூட்டுவார்.

சுவருக்குக் காய்ச்சல் வந்த கதைக்கு வருகிறேன். பழைய நீள வீடு ஒன்றில் நடுவே வானம் தெரிகிற முற்றம். அதைச் சுற்றி உள்ள சுவர்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். பழைய முறையில்தான் பூச வேண்டும் என்று கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்த சாந்து. பூசி முடிப்பதற்குள் ஊர் எறும்புகளுக்கெல்லாம் சேதி போய்விட்டது. எறும்பை விரட்ட ஆள் போட்டார். அடுத்து வெயில் அடித்தது. சாந்து சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும் என்று கொத்தனார் சொல்ல, தவுக்கே சுவரைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒடம்பு கொதிக்குதே! டிரைவரு, எடு லோரிய!"

பசாருக்குப் போக வேண்டிய ஐஸ் முழுவதையும் அந்த வீட்டுக்குள் இறக்கினோம். சுவரோரமாகக் கட்டி கட்டியாக நிறுத்தி, மேலே சாக்குப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் மீன் பசார் சுப்பையா ஆட்களோடு வந்து நின்றான்.

"தவுக்கே! மீனுக்கு ஐஸ் இல்ல, சுவத்துக்கு ஐஸா? நாளைக்கு ஒங்க சுவத்த வறுத்துத் திங்கிறதா?"

"சத்தம் போடாத சுப்பையா. இப்பத்தான் கொஞ்சம் கண்ணசந்திருக்கு."

"எது?"

"சுவரு."

சுப்பையா சண்டைக்கென்று உள்ளே காலை வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே ஐஸிலிருந்து எழுந்த வெள்ளைப் புகை தரையோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தது. முற்றத்து வெளிச்சம் அதன் மேல் விழுந்து பால் மாதிரி கிடந்தது. சுண்ணாம்பும் கருப்பட்டியும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை. எங்கோ சொட்டு, சொட்டு என்று தண்ணீர். சுப்பையா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் ஆட்களும் உட்கார்ந்தார்கள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பூனைகள் வந்தன. எல்லோரும் ஒரே கனவுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் எழுந்து போகும்போது சுப்பையா, "நாளைக்கும் காய்ச்சல் இருக்குமா, தவுக்கே?" என்று கேட்டான்.

இப்படிப்பட்டவரைத்தான் காஜா பெராங்கில் ஒரு கதவு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது.

காஜா பெராங் என்ற பகுதியில் கம்போங் செட்டி, அதாவது செட்டிகளின் கிராமம், இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பரம்பரை பரம்பரையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிகள். கும்பிடுவது நம் சாமி; வீட்டில் பேசுவது மலாய். அங்கே கக்கா என்று எல்லோரும் அழைக்கிற ஒரு விதவை அம்மாள் இருந்தார். கக்கா என்றால் அக்கா. அவர் அப்பா விட்டுப்போன வீட்டின் மரக்கதவு திறந்தால் முதலில் முனகும், பிறகு பெருமூச்சு விடும். சந்து முழுக்கக் கேட்கும். தவுக்கே அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே லோரியை அந்தப் பக்கம் விடச் சொல்லுவார்.

கக்காவின் மகன் சுங்கத்துறையில் வேலை பார்த்தான். அவனுக்கும் சிமெண்டு ஆசை. வீட்டை இடிக்க நாள் குறித்துவிட்டான். தவுக்கே ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். சந்துக்கு எதிர்ப்பக்கம் தமக்கிருந்த மனையில் சிமெண்டு வீடே கட்டிக் கொடுத்து, பழைய வீட்டை வாங்கிக்கொண்டார். மகனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கக்கா மகன் பின்னால் எதிர்வீட்டுக்குப் போனார். தவுக்கே பழைய வீட்டுக்கு ஒரு பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டார்.

பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. செத்துப்போனவர்களுக்கு அவர்கள் படையல் போடும் நாள். 'பார்ச்சு' என்பார்கள். வீட்டுக்குள் இலை போட்டு, போனவர்கள் எதையெதை விரும்பிச் சாப்பிட்டார்களோ அதையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். அவர்கள் வந்து சாப்பிட நேரம் கொடுக்க வேண்டும். நான் ஐஸ் இறக்கப் போனவன், அப்படியே மரியாதைக்கு நின்றேன்.

எவ்வளவு நேரமாகியும் கக்கா புது வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. மகன், "போதும்மா, சாப்பிட்டிருப்பாங்க" என்றான். அவர்கள் பேசியது மலாய்; நான் தமிழில் சொல்கிறேன்.

"பிந்து தக் புன்யி" என்றார் கக்கா. கதவு சத்தம் போடவில்லையாம். பழைய வீட்டில் சாத்தி வைத்த கதவு கொஞ்ச நேரத்தில் தானாக முனகும். வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சிமெண்டு வீட்டுப் புதுக்கதவுக்கு மகன் எண்ணெய் போட்டு வைத்திருந்தான்.

"காத்துல சத்தம் போட்டதும்மா அது."

"சரி, காத்து. அந்தக் காத்து ஏன் இங்க வரல?"

கக்கா உள்ளே போய் ஓர் இலையைத் தூக்கிக்கொண்டு சந்தைக் கடந்தார். பூட்டின வீட்டின் முன்னால் போய் நின்றார். பின்னாலேயே இலையும் செம்புமாகச் சந்தே போய் நின்றது. நான் லோரியை விரட்டிக்கொண்டு போய்த் தவுக்கேயைக் கூட்டி வந்தேன்.

கக்கா அவரிடம் கோபமாகப் பேசவில்லை. இலையைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"தவுக்கே, நீங்க இந்தப் பூட்டு போட்டது திருடனுக்கா, எங்கப்பாவுக்கா?"

தவுக்கே சாவி வளையத்தை எடுத்தார். கண்ணை மூடினாலும் கதவை அடையாளம் சொல்லுகிற மனிதருக்கு அன்றைக்குச் சாவி தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். திறந்தது. பூட்டிக் கிடந்த கதவு முனகி, பெருமூச்சு விட்டது. கக்கா அப்போதுதான் அழுதார்.

இலைகள் உள்ளே போயின. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெயிலில் நின்றோம். தவுக்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கொஞ்ச நேரம். கதவு முனகியது. நான் மரங்களைப் பார்த்தேன். இலை அசைந்ததா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அந்த வாரமே கக்கா பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சிமெண்டு வீடு மகனுக்கு. மற்ற வீடுகளின் பூட்டையும் தவுக்கே ஒவ்வொன்றாகக் கழற்றி ஆட்களைக் குடிவைத்தார். அந்தக் காலண்டர்காரனைத் தேடிப் பிடித்து, சுத்தியலைத் தாமே நீட்டினார். "அடிச்சுக்க. ஒரே ஒரு ஆணி. ரெண்டாவது கேட்டீன்னா அப்புறம் நான் பொல்லாதவன்."

சில வருடங்களில் தவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வருஷப் பொங்கலுக்கு முதல் நாள் கக்கா ஆள் அனுப்பி என்னிடம் ஒரு ஐஸ் கட்டி கேட்டார். போய்ப் பார்த்தால் அவர் அப்பா இலைக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இலை. சோறு, கறி, பலகாரம். நடுவில் ஐஸை வைத்தார். கதவைச் சாத்தி, அது முனகியதும் திறந்தபோது ஐஸ் இல்லை. இலையில் தண்ணீர்தான் நின்றது.

"வெயில்மா" என்றான் மகன்.

"சுடா மினும்" என்றார் கக்கா. தவுக்கே குடித்துவிட்டாராம்.

கக்காவும் இப்போது இல்லை. அதே பழைய வீட்டில் இலை போடுவது அந்த மகன்தான். வருஷா வருஷம் போன் செய்து, "ஐஸை மறந்துடாதீங்க, ஆபாங்" என்கிறான். ஆபாங் என்றால் அண்ணன். நானும் கொஞ்சம் பெரிய கட்டியாகவே எடுத்துப் போகிறேன். தவுக்கே வந்ததும் நேராக இலையில் உட்காருகிற ஆளா? எல்லாச் சுவரையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே வருவார். அதுவரை தாங்க வேண்டும்.