டிட்டேயின் நிப்பிள் மரமேறிய வெற்றிச் செய்தி

ஓடென்ஸ,
ஜூன் 19

அன்பிற்கும் என் நெடுநாள் கோபத்திற்கும் உரிய மெரேட்டே அக்காவுக்கு,

தம்பி எஸ்பென் தலை நிமிர்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் டிட்டேயும் சுகம். அங்கே நீயும் போவ்ல் அத்தானும், உங்கள் தோட்டத்துப் புது உருளைக்கிழங்கும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு படிக்கிற செய்தி இல்லை இது.

டிட்டே எந்நேரமும் வாயில் வைத்துச் சூப்பும் அந்த நிப்பிளை விட்டுவிட்டாள். உன் தம்பிதான் விடவைத்தான்.

என் வீட்டுக்காரி ரிக்கே கிரீன்லாந்து மருத்துவமனைக்கு ஆறு வார நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் நீங்கள் இரண்டு பேரும் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. டிட்டேக்கு மூன்று வயது ஆகப்போகிறது, முன்பல் இரண்டும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கின்றன, ஆகஸ்டில் பெரிய பிள்ளைகளின் பள்ளிக்குப் போக வேண்டும், நிப்பிளை நிறுத்தியே ஆக வேண்டும் என்றாள் ரிக்கே. நான் நிறுத்துகிறேன் என்றேன். அவள் என் கன்னத்தைத் தட்டி, "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் எஸ்பென், நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள். நீ அதோடு விட்டாயா? "இவன் நாய்கிட்டயே வேண்டாம்னு சொல்ல மாட்டான்" என்றாய், நாலு பேர் கேட்க. அக்கா, அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு லட்சியம்தான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லி, சொன்ன சொல்லில் நிற்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் வெற்றி கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில், நல்வாழ்வு மையத்து நர்ஸம்மா சொன்னபடி நிப்பிளின் நுனியைக் கத்தரித்தேன். காற்றுப் போனால் சுவை போய்விடுமாம். டிட்டே அதை வாயில் வைத்தாள், எடுத்தாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், "உடஞ்சிடுச்சு" என்று என் உள்ளங்கையில் வைத்தாள், மழைக்காலணிக்குள் கையை விட்டு வேறொன்றை எடுத்து வாயில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். மாவு டப்பாவுக்குப் பின்னால், என் மிதிவண்டியில் அவள் உட்காரும் பெட்டியின் மெத்தைக்கு அடியில், பூந்தொட்டி மண்ணுக்குள்கூட இருந்தது. போருக்குப் பதுக்கியதுபோல் பதுக்கி வைத்திருக்கிறாள், பெற்ற அப்பனுக்குத் தெரியாமல். எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போட்டு, ஒரே ஒரு மஞ்சள் நிப்பிளை மட்டும் மிச்சம் வைத்தேன். அதையும் போட்டிருக்கலாமே என்பாய். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா.

அடுத்து பண்டமாற்று. பொம்மைக் கடைக்குக் கூட்டிப்போய், நிப்பிளைக் கல்லாவில் கொடுத்தால் தீயணைப்பு வண்டி கிடைக்கும் என்றேன். கல்லாவில் இருந்த பெண்ணிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். டிட்டே கொடுத்தாள், வண்டியை வாங்கினாள், எல்லோரும் கைதட்டினார்கள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். அவள் மறுபடியும் கல்லாவில் நின்று, வண்டியைக் கொடுத்து நிப்பிளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பெண்ணைக் கேட்டால், பிடிக்காவிட்டால் பதினான்கு நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்பது கடை விதி என்கிறாள்.

அதனால் போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். நிப்பிளை விடுகிற பிள்ளைகள் அதைக் கட்டி விடைகொடுத்துவிட்டு வரும் நிப்பிள் மரம். நம் பூங்காக் குளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தப் பெரிய லிண்டன் மரம் உனக்குத் தெரியும். கிளை தெரியாதபடி நிப்பிள் தொங்குகிறது, ஒவ்வொன்றிலும் ரிப்பனும் கடிதமும். கேக் வாங்கி, அதைச் சுற்றிக் குட்டிக் கொடிகளைக் குத்தி, பாட்டெல்லாம் பாடி, முறையாகச் செய்தேன். மற்ற அப்பன்மார்கள் ஏணி வைத்து உச்சாணியில் கட்டினார்கள். டிட்டே, "நானே கட்டறேன்" என்றாள். அவள் கைக்கு எட்டுகிற கிளையில் அவளே சிவப்பு ரிப்பனால் கட்டினாள். இதை விட்டுக்கொடுத்தேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பிள்ளை தன் முடிவைத் தானே எடுக்க வேண்டும் என்று நர்ஸம்மா தந்த தாளிலேயே போட்டிருக்கிறது. கட்டி முடித்து, நிப்பிளைத் தடவி, "இங்கயே இரு" என்றாள்.

அன்று படுக்கிற நேரத்தில் கேட்டாள். வேண்டாம் என்றேன். அழுதாள். வேண்டாம் என்றேன். நாற்பது நிமிடம் அழுதாள், கடைசியில் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். பிறகு நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் கொடுக்கவில்லை அக்கா. நான் கொடுக்கவே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். வீட்டில் நிப்பிள் என்ற பேச்சே கிடையாது. அதோடு, பத்தடி நடக்கச் சொன்னால் தூக்கு என்று கையை நீட்டும் பிள்ளைக்கு நடைப் பைத்தியம் பிடித்துவிட்டது. விடிந்ததும் ரை ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போகணும் என்கிறாள். மதியத் தூக்கத்துக்கு முன்னால் பூங்கா. சாயங்காலம் பூங்கா. மழையா, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பூங்கா. கன்னம் சிவந்து கிடக்கிறது, சாப்பாடு இறங்குகிறது. போனதும் நேராக மரத்துக்குப் பின்னால் ஓடி நிப்பிளுக்கு வணக்கம் சொல்கிறாள். பிரிவுத் துயரத்தில் இருக்கும் பிள்ளையைத் தனியாக விட வேண்டும் என்று அந்தத் தாளில் இருப்பதால் நான் பெஞ்சில் காபியோடு ஒதுங்கிக்கொள்கிறேன். அவள் மட்டுமில்லை, இன்னும் ஐந்தாறு வாண்டுகள் அங்கேயே கூடிவிடுகின்றன. ஒரு சத்தம் கிடையாது, ஒரு சண்டை கிடையாது. ஒருவருக்கொருவர் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். பெஞ்சில் உட்காரும் மற்ற அப்பன்மார்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சொல்கிறேன். கண்டிப்புதான் முக்கியம் என்கிறேன்.

நேற்று ரிக்கே போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக, "நீயா?" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. வியாழக்கிழமை வருகிறாள்.

இப்போது என் கோரிக்கை. நடுக்கோடை நெருப்பு மூட்டும் அன்று உங்கள் கடற்கரையில் தெருவே கூடும். வழக்கமாக அத்தான் பேசுவாரே, அவரை உட்காரவைத்துவிட்டு, நீ எழுந்து இந்தக் கடிதத்தை உரக்க வாசிக்க வேண்டும். நாய் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டதாகவும் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் வெயிலுக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும், அத்தானின் முதுகுவலி நீங்கட்டும், நீ நூறு வயது இருந்து உன் வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டே இரு.

என்றும் கண்டிப்பான உன் தம்பி,
எஸ்பென்

பி.கு.: கடற்கரையில் வாசிக்கும்போது என் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்.

தபால் பெட்டி பூங்கா வழியில்தான் இருக்கிறது, உறையை ஒட்டுவதற்குள் டிட்டே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தவுடன் தோட்டக்காரர் கார்ல் எரிக் வந்து, "அந்தச் சிவப்புக் கோட்டு உங்க பொண்ணுதானே? கொஞ்சம் பின்னாடி வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஆறு பிள்ளைகள் கிளைக்குக் கீழே வரிசையாக அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஆறு வாயிலும், கிளையில் கட்டிய ரிப்பனை அவிழ்க்காமலேயே, ஒரு நிப்பிள். டிட்டே மட்டும்தான் தன்னுடையதை வைத்திருந்தாள். மற்றவர்களுடையது உச்சாணியில் இருப்பதால், கீழே எட்டுகிறதை முறை வைத்துச் சூப்புகிறார்களாம், மூன்று வாரமாக. என்னைப் பார்த்ததும் டிட்டே மரியாதையாக வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வீட்லதானே கூடாதுன்னே? இது மரத்தோட வீடு" என்றாள்.

ஏணி கொண்டு வந்து மேலே கட்டிவிடட்டுமா என்று கேட்டார் கார்ல் எரிக். டிட்டே என் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தயங்காமல் சொன்னேன், அதுவும் ஏணி வைத்திருக்கும் ஓர் அரசு ஊழியரிடம்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் கழுவிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆறு பேருக்கும் ஒரே விதி. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.