டொக்கு அண்ணை அளந்த கன்னம்

கொழும்பு வெள்ளவத்தையில் கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார் அத்தனை பேரும் கண்டவுடன் கதவைச் சாத்திய ஒரே மனிதர் எங்கள் டொக்கு அண்ணைதான். இத்தனைக்கும் அவர் எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர்.

சண்டைக் காலம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிடைத்த வேலைக்கெல்லாம் போய், லொட்ஜில் அவருடைய அறையில் பாய் போட்டேன். பாதி அறை வயர். கண்ணில் மாட்டினால் படம் தெரியும் கண்ணாடி ஒன்று. விளையாட்டு மெசினில் கழற்றிய மோட்டரைச் செருகிய குச்சி ஒன்று. படத்திலுள்ள சுவரைக் குச்சியால் தொட்டால் கையில் "டொக்" என்று இடிக்கும். பெயரும் அப்படி வந்ததுதான்.

கல்லைத் தொடும் உணர்வு கையில் சரியாக வந்தது. சேறு வந்தது. கன்னம் மட்டும் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு மகள் பிறந்தபோது சண்டையால் பாதை பூட்டியிருந்தது, போக வழியில்லை. ஒரு போட்டோ மட்டும் வந்தது. அந்த முகத்தைத்தான் கொம்பியூட்டரில் ஏற்றியிருந்தார்.

"தம்பி, தொட்டுப் பார். எப்பிடி?"

"பலாப்பழம் மாதிரிக் கிடக்கு அண்ணை."

இடியைக் கூட்டிக் குறைக்கும் திருகோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினார். பிறகு, உண்மையான கன்னத்தை அளக்கவென்று குச்சியோடு மேல்மாடியில் கைக்குழந்தை வைத்திருந்த அக்காவிடம் போனார்.

"அக்கா, பிள்ளையை ஒருக்கா மெதுவாக் குத்திப் பாக்கட்டே?"

"என்ர பிள்ளை என்ன மாங்காயோ?"

விளக்குமாறு அவரைத் தெருவரை கொண்டுவந்து விட்டது. மற்றத் தாய்மாருக்கும் செய்தி போய்விட்டது.

ஒரு விடியற்காலை பொலிஸ் சோதனை. வயரைக் கண்டதும் எங்களைச் சுவரோடு நிற்கவைத்தார்கள். சார்ஜன்ட் குச்சியைக் காட்டி, "மே மொக்கத்த?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்னவாம்.

"பபா, சேர்," என்றார் அண்ணை. குழந்தையாம். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

குண்டோ என்று, கண்ணாடியை முதலில் என்னை மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். வெடிக்கவில்லை. பிறகு சார்ஜன்ட் தானே மாட்டிக் குச்சியை நீட்டினார். டொக்.

"பபா மெச்சர தத நே," என்றார். குழந்தை இவ்வளவு கெட்டியில்லை என்று அவருக்குக் குறை.

அண்ணை ஓடிப்போய்த் திருகை இரண்டு தரம் குறைத்தார். மூன்றாம் தரம் தொட்டபோது சார்ஜன்ட் குச்சியை அந்தக் கன்னத்திலிருந்து எடுக்காமல் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தந்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

பாதை திறந்தபோது மகளுக்கு நாலு வயது. தாயோடு பஸ்ஸால் இறங்கினாள். அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவளிடம் குனிந்து நின்றார்.

"தொடுங்கோவன் அண்ணை."

"இறுக்கிப் போடுவனோ எண்டு பயமாக் கிடக்கடா."

மகள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு, குனிந்திருந்த அவருடைய சவரம் செய்யாத கன்னத்தில் தானே ஒரு விரலை அழுத்தினாள்.

"குத்துது," என்றாள்.

அவள் விரலை எடுக்கும்வரை அவர் மூச்சு விடவில்லை. அந்த மனிதரை ஒருதரம் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.