ஐஸ்காரரின் சாட்சி

மின்தடையைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் நஷ்டஈடு தரவேண்டும் என்பது விதி. பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து ஒரே மனு போடலாம் என்பது இன்னொரு விதி. இவற்றை ஐஸ்கட்டியை வைத்து விளக்கிய மனிதர் மைசூரிலேயே ஒருவர்தான்.

தமிழக எல்லையோரம் இருக்கும் ஹனூர்க்காரர். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்தார். சித்திரை வெயிலிலும் மஃப்ளர். கடிகாரம் கிடையாது. “அரைக்கட்டி கரையற நேரத்துல வந்துடறனுங்க” என்பார், வந்தும் விடுவார்.

அந்தக் கோடையில் துணை மின்நிலையம் படுத்தது. பேக்கரியில் மாவு புளித்தது, சாயப்பட்டறையில் துணி பாழானது, ஐஸ் சாக்கடையில் ஓடியது. கோர்ட்டில் தலைமை எழுத்தரான சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்ற நான் எல்லோருக்கும் சேர்த்து நுகர்வோர் மன்றத்துக்கு மனு எழுதினேன்.

விசாரணையில் மின் நிறுவனத்தின் வக்கீல் நாங்கள் கொடுத்த புகைப்படங்களைப் புரட்டினார். மாவு தெரிந்தது, துணி தெரிந்தது. ஐஸ்காரர் படத்தில் ஈரத்தரை மட்டும்தான். “மழை பெய்தாலும் தரை இப்படித்தான் இருக்கும்” என்றார் வக்கீல்.

பேக்கரிக்காரர் வெளியே வந்ததும் கிசுகிசுத்தார்: “சார், இவரால எல்லாருக்கும் போயிடும். அவரு பேரை அடிச்சுடுங்களேன்.”

அடித்தால் ஐஸ்காரர் தொழிற்சாலையை விற்றுவிட்டு ஹனூர் பஸ் ஏறவேண்டியதுதான். நான் பேனாவைத் திறக்கவில்லை.

அடுத்த விசாரணைக்குச் சாக்கு சுற்றிய ஐஸ்கட்டியோடு வந்து நின்றார்.

“இதுக்கெல்லாம் எந்த விதியிலயும் இடமில்லய்யா!” என்றேன்.

“மேசையில இடமிருக்குதுங்களே சார்.”

வக்கீல் வழக்கம்போல் வாய்தா கேட்டார். ஐஸ்காரர் கட்டியை மேசையில் இறக்கினார். அவசரத்தில் கன்னடம் மறந்து தமிழே வந்தது. “தாராளமா வாங்கிக்குங்க சாமி. இது கரையறதுக்குள்ள வந்துட்டாப் போதும்.”

தண்ணீர் வக்கீலின் கோப்புகளை நோக்கி ஊர்ந்தது. அவர் அலறியடித்து அவற்றை வாரிக்கொண்டார்.

“பாத்தீங்களா? கரண்டு இல்லீன்னா இப்படித்தானுங்க. அப்பறமா வந்து ஐஸ் எங்கீன்னு கேட்டா, நா எங்கீங்க போறது?”

மன்றத் தலைவருக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, தண்ணீர் தெரிந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வாய்தாவை மறுத்தார். உத்தரவு தபாலில் வரும் என்றார்.

வந்தது. ஒரு பெயரும் அடிபடாமல் எல்லோருக்கும் நஷ்டஈடு. உறையோடு ஓடினேன். தொழிற்சாலையில் பூஜை நடந்துகொண்டிருந்தது. கம்ப்ரஸருக்குப் பொட்டு வைத்த விரலால் என் நெற்றியிலும் குங்குமம் இழுத்தார்.

“நீங்களும் நம்ம மெஷினுதானுங்க சார்!”

என் சர்வீஸ் முழுவதும் அப்படியொரு பதவி உயர்வு கிடைத்ததில்லை. எதற்கும் தேதி குறித்துவைக்கும் நான் அதற்கு மட்டும் குறிக்கவில்லை. தேவையுமில்லை: ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள், தொழிற்பேட்டையில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைக்கும் நாள்.