வரிச்சலுகை தந்த பலன்

கணினியில் வந்த விடை பூஜ்யம். லஸாத் மறுபடி போட்டுப் பார்த்தான். மறுபடியும் பூஜ்யம்.

பக்கத்து நாட்டோடு ஐந்து வருஷத்துக்கு முன் கையெழுத்தான வரிச்சலுகை ஒப்பந்தத்தால் வியாபாரம் எவ்வளவு கூடியது என்று மதிப்பிட்டுத் தரவேண்டும். துனிஸ் ஆய்வு மையத்தில் அதற்காகத்தான் அவனை வைத்திருந்தார்கள். நாளைக் காலை அமைச்சர் அதை மேடையில் அறிவிக்கப்போகிறார். லஸாத்தின் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது இயக்குநர் ராதியாவின் கையில்.

"பூஜ்யத்தை எப்படிப்பா மேடையில சொல்றது?" என்றாள் ராதியா. "வறட்சி வந்த வருஷத்தைத் தூக்கிடு."

தூக்கினான். வறட்சியால் இறக்குமதி கூடியிருந்த வருஷம் அது; இப்போது வியாபாரம் ஆறு சதவீதம் குறைந்ததாக விடை வந்தது.

"உலகச் சந்தையும் நடுவுல ஏறி இறங்கியிருக்கு, மாதாம். அதையும் கழிச்சுப் பாக்கட்டுமா?"

"கழி."

இப்போது பதினைந்து குறைந்தது.

"நீ இன்னும் கொஞ்சம் ஒழுங்கா கணக்குப் போட்டேன்னா ரெண்டு நாடும் சண்டைக்கே போயிடும் போலிருக்கு" என்றாள்.

லஸாத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பலன் ஒண்ணுமில்லைன்னே எழுதிடலாம், மாதாம். அதுதான் உண்மை."

"தாராளமா எழுது. கீழேயே உன் ராஜினாமாவையும் எழுதிக் குடுத்துடு."

வீட்டில் மனைவி ஸல்வா நிறைமாதம். அவன் பேரீச்சம்பழத்தைக் கணக்கிலிருந்து நீக்கினான். ஆலிவ் எண்ணெயை நீக்கினான். மீன், துணி, சிமெண்ட் எல்லாம் போயின. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் மிஞ்சியது. அதன் வியாபாரம் நாற்பது சதவீதம் ஏறியிருந்தது.

"பாத்தியா, தேடினாக் கிடைக்குது" என்றாள் ராதியா. லஸாத் நாற்பதை அறிக்கையில் ஏற்றினான். படித்த படிப்பெல்லாம் இந்த நாற்காலியில் வந்து உட்காரத்தானா?

மறுநாள் அமைச்சர் நாற்பது சதவீதம் என்று சொன்னதும் அரங்கம் கைதட்டியது. கணக்குப் போட்டவன் இவன்தான் என்று பின்வரிசையில் இருந்த லஸாத்தைக் கைகாட்டியும் விட்டார்.

பக்கத்து நாட்டுத் தூதுக்குழுத் தலைவர் எழுந்து நேராக அவனிடம் வந்தார். எந்தச் சரக்கு என்று கேட்கப்போகிறார். லஸாத் எழுந்து நின்றான். வேலை போகட்டும், மானமாவது மிஞ்சுமா?

பெரியவர் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி? இவ்வளவு பலன் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, அந்த ஒப்பந்தத்தை நாங்க எப்பவோ அமலுக்குக் கொண்டுவந்திருப்போமே."