கால் கிண்ணம் தேநீர்

முதலில் வம்பிழுத்தவன் தோலிப்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் நடந்ததை மட்டும் பார்த்தவர்கள், தப்பெல்லாம் எர்காஷ் மேல் என்று மர்கிலான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டுக்கு எர்காஷ் முதல் விருந்துக்குப் போனார். மனைவி ஒய்நிசாவின் அண்ணன் தோலிப், புது மாப்பிள்ளையின் கிண்ணத்தில் விளிம்பு வரை தேநீர் ஊற்றி நீட்டினான். அந்த ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்: மதிக்கிற ஆளுக்குக் கால் கிண்ணம்தான். தீரத் தீர ஊற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முழுக் கிண்ணம் கொடுத்தால் ‘குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு’ என்று அர்த்தம். எர்காஷ் குடிக்காமலே காலி பண்ணினார்.

அதற்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு, இப்போது ஐம்பத்தெட்டு. முழங்கால் போயிற்று, கடைவாய்ப் பல் இரண்டு போயிற்று. கோபம் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே புதுசாக இருந்தது. தோலிப் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட அவர் வாயில் படவில்லை.

மூத்தவள் ஷோஹிதாவுக்கு ஒன்பது வயது நிறைந்த வாரம், எர்காஷ் ஒரு பெரிய முடிவு எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாய்க்காலோரத் தேநீர்க்கடைக்குப் போறோம். உங்கண்ணனையும் வரச் சொல்லு.”

ஒய்நிசா மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள். “எந்த அண்ணனை?”

“உனக்கு எத்தனை அண்ணன்?”

“ஒண்ணுதான். ஆனா நீங்க பதினோரு வருஷமா அவரை ‘அந்த ஆளு’ன்னுதானே சொல்றீங்க, அதான் கேட்டேன்.”

திட்டம் இதுதான். சபையில் வயதில் இளையவன் ஊற்ற வேண்டும். தோலிப், மச்சான் முறையானாலும் எர்காஷைவிடப் பதிமூன்று வயது சின்னவன். ஊற்றித்தான் தீரவேண்டும். ஊரே உட்கார்ந்திருக்கும் இடத்தில் முழுசாக ஊற்றினால் அவன் மானம் போகும். கால் கிண்ணம் ஊற்றினால், அன்றைக்குச் செய்தது தப்பு என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் கால் கிண்ணத்துக்காகத்தான் இத்தனை வருஷக் காத்திருப்பு.

“ரொம்ப நல்லதுங்க. போவோம்,” என்றாள் ஒய்நிசா.

ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. எர்காஷ் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மூட்டைகள் இருந்தன. அரிசி, ஆட்டிறைச்சி, மூன்று கிலோ மஞ்சள் கேரட்.

“இதெல்லாம் எதுக்குடி? தேநீர் குடிக்கத்தானே போறோம்?”

“புள்ளைக்குப் பிறந்தநாளுங்க. வெறும் தேநீரா? அங்க அடுப்பும் கொப்பரையும் கொடுப்பாங்க, புலாவ் செஞ்சுக்கலாம்.”

“சரி, செய்யி.”

“நானா? தேநீர்க்கடை அடுப்புல பொம்பளை கரண்டி பிடிச்சு நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? ஆம்பளைங்க சமைக்கிற இடம். எங்கண்ணனைச் செய்யச் சொல்லலாம்னா, கூப்பிட்டது நீங்களாச்சே. கூப்பிட்டவர் விருந்தாளியை வேலை வாங்கலாமா?”

எர்காஷ் யோசித்துப் பார்த்தார். எங்கே தோற்றோம் என்று தெரியவில்லை. மூட்டையைத் தோளில் தூக்கினார்.

வேனில் போகும்போது சின்னவள் முனீசா அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஒரு டப்பா. அதில் வெயிலில் காயவைத்த உப்புத் தயிர் உருண்டைகள்.

“அப்பா, ஆ காட்டுங்க.”

“போதும்டா கண்ணு, உப்புக் கரிக்குது.”

“அப்போ என்னைப் பிடிக்கலையா?”

ஆறு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது? எர்காஷ் வாயைத் திறந்தார். மூத்தவளும் ஊட்டினாள். ஒருத்தி ஊட்டி இன்னொருத்தி ஊட்டாவிட்டால் சண்டை வருமாம். கடை வருவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கடையில் தோலிப் முன்னாடியே வந்து, வாய்க்காலோரத்தில் விருந்தாளிகள் வட்டமாக உட்காரப் போட்டிருந்த அகலமான மரக்கட்டிலில், தலையணையில் சாய்ந்திருந்தான். எழுந்து நெஞ்சில் கைவைத்தான். “வாங்க மாப்பிள்ளை! இளைச்சுட்டீங்களே.”

“வேலை இருக்கு மச்சான்,” என்று சொல்லிவிட்டு எர்காஷ் அடுப்புப் பக்கம் போனார்.

மூன்று கிலோ கேரட்டையும் தீக்குச்சி மாதிரி நறுக்க வேண்டும். முகத்துக்கு நேரே அடுப்பு, முதுகில் வெயில், கண்ணில் புகை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கட்டிலிலிருந்து தூது வந்தது.

“அப்பா, கேரட்டை இவ்ளோ தடியாவா நறுக்குறதுன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.”

“அப்பா, மாமா பெரிய பெரிய வெங்காயம் பார்த்திருக்காராம், ஆனா இவ்ளோ கருகினதைப் பார்த்ததில்லையாம்.”

நடுவில் ஷோஹிதா ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். “அம்மா ஊத்திக் கொடுத்தாங்க, குடிங்கப்பா.”

தொண்டை காய்ந்த தோல் மாதிரி இருந்தது. ஆனாலும் எர்காஷ் தலையை ஆட்டினார். “வேணாம்மா. சபையில உக்காந்து, உங்க மாமா கையால ஊத்தினாத்தான் இன்னைக்கு முதல் வாய்.”

அவள் போய்ச் சொன்னாள். கட்டிலில் ஒய்நிசா சிரிப்பது கேட்டது.

இரண்டரை மணி நேரம் கழித்துப் புலாவ் வந்தது. எர்காஷைக் கட்டிலின் தலைமாட்டில், மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தார்கள். அவர் ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. “முதல்ல தேநீர்,” என்றார். குரல் கதவுக்கீல் மாதிரி கிறீச்சிட்டது. பக்கத்துக் கட்டில் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

தோலிப் முறை தெரிந்தவன். மூக்கு வைத்த தேநீர்ப் பானையிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி, அதைப் பானையிலேயே திருப்பி ஊற்றினான். இரண்டாம் தரம். மூன்றாம் தரம். பிறகு ஊற்றுகிறவன் முதலில் குடிக்கும் வழக்கப்படி, தனக்குக் கொஞ்சம் ஊற்றி நிதானமாக உறிஞ்சினான். கண்ணை மூடி ரசித்தான். எர்காஷின் தொண்டை தனியாக ஒரு முறை விழுங்கிப் பார்த்தது.

கடைசியில் அவர் கிண்ணத்தைத் தோலிப் கையில் எடுத்தான். பச்சைத் தேநீர் நூலாக இறங்கியது. கால் கிண்ணம் வந்ததும் பானையின் மூக்கு மேலே நிமிரப் பார்த்தது. பதினோரு வருஷம் காத்திருந்த நேரம்!

“நிறுத்தாதீங்க மச்சான்! ஊத்துங்க! முழுசா ஊத்துங்க!”

யார் கத்தியது என்று எர்காஷே சுற்றுமுற்றும் பார்த்தார்.

தோலிப் பானையைப் பிடித்தபடியே கேட்டான். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை. முழுசாவா?”

“வழிய வழிய ஊத்துய்யா!”

ஊற்றினான். எர்காஷ் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அப்படி மூன்று கிண்ணம்.

ஒய்நிசா பக்கத்துக் கட்டிலைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். “பார்த்தீங்களா பெரியவரே? அன்னைக்கும் வெயில்ல நடந்து வந்து, தாகம் தாகம்னு இவர்தான் கேட்டாரு. பாவம்னு எங்கண்ணன் நெறைய ஊத்துச்சு. பதினோரு வருஷமா நான் சொன்னா யாரு நம்புறா?”

கிழவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு எர்காஷைப் பார்த்தார்கள். பார்வை நன்றாக இல்லை.

அன்றைக்கு அவர் தாகம் என்று ஒரு தரம்தான் சொன்னார். அதுவும் மெதுவாக. இதை யாரிடம் போய் விளக்குவது?

திரும்பும் வேனில் எர்காஷ் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து முனீசா டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“அம்மா, நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணுகூட மிச்சம் வைக்காம ஊட்டிட்டோம்.”

“சமத்து. அடுத்த ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்குப் போவோம். இனிமே அப்பா வரமாட்டேன்னு சொல்ல முடியாது.”

எர்காஷ் கண்ணைத் திறக்கவில்லை. முழுக் கிண்ணம் மூன்று வந்துவிட்டது. கால் கிண்ணம் இன்னும் வரவில்லை.