வரம்புக்குள் வள்ளல்

தேர்தல் அறிவித்ததும் ஊரில் ஓர் இனம் உயிர் பெறும். வேட்பாளரைச் சொல்லவில்லை. அவரை எல்லோருக்கும் தெரியும், சுவரெல்லாம் அவர் முகம்தான். நான் சொல்வது எந்தச் சுவரிலும் முகம் காட்டாத ஓர் ஆசாமியை. ஒருவர் கட்சிக்கு இவ்வளவுக்கு மேல் நன்கொடை தரக் கூடாது என்று சட்டம் ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோட்டுக்கு ஒரு காசு குறைவாக, தன் பெயரைத் தவிர உறவுக்காரர்கள் அத்தனை பேர் பெயரிலும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறவர். வரம்புக்குள் வள்ளல் என்று அவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். வாய்விட்டு அழைத்ததில்லை. அடுத்த வீட்டுக்காரர், நடுவில் ஒரு சுவர்தான். நாளைக்குத் தண்ணீர் மோட்டார் கெட்டால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இந்த இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சில் மூச்சுக்கு மூச்சு 'சட்டப்படி' வரும். யோக்கியர்கள் இந்தச் சொல்லை இவ்வளவு செலவழிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நாமெல்லாம் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலிருந்து படிப்போம். இரண்டாவது வரியில் தூங்கிவிடுவோம். நம் வள்ளல் 'தவிர' என்ற சொல் எங்கே வருகிறது என்று விரலால் தேடி, அங்கிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். வேட்பாளர் இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது, நண்பர்கள் தாமாகச் செய்வது தவிர. அடடா, நண்பர்கள்! கூட்டத்துக்கு நாற்காலி போகும். வாடகை இல்லை, சிநேகம். ஒலிபெருக்கி சிநேகம். வேனுக்குப் பெட்ரோலும் சிநேகம். போன தேர்தலில் ஒரு வேட்பாளர் தெருத்தெருவாக மேடை போட்டு, வண்டி வண்டியாக ஆள் இறக்கி, ஊர் காது கிழிய ஒரு மாதம் பிரசாரம் செய்துவிட்டு, தன் மொத்தச் செலவு இரண்டு வாளி பசை என்று எழுதிக் கொடுத்தார். மற்றதெல்லாம் சிநேகம். அதைப் படித்த அதிகாரி, "உங்களுக்கு வாய்ச்ச மாதிரி நண்பர்கள் யாருக்கும் வாய்க்க மாட்டாங்க சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

சரி, இவர் எந்தக் கட்சி? கேட்டுப் பாருங்கள்.

"எங்க குடும்பம் கட்சிக்குக் குடுக்கிறதில்லைங்க. ஜனநாயகத்துக்குக் குடுக்குது."

ஜனநாயகம் எந்தப் பக்கம் ஜெயிக்கும் போலிருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கவர் கொஞ்சம் தடிமனாக இருக்கும், அவ்வளவுதான். "எதையும் எதிர்பார்த்துக் குடுக்கிறதில்லை" என்பார். உண்மை. கொடுக்கும்போது எதிர்பார்க்கவே மாட்டார். பிறகு ஒரு நாள், போகிற போக்கில், 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிப்பார்.

இவர் தொழில் காண்ட்ராக்ட். நகராட்சிக்குச் சாக்கடை கட்டுவார், நடைபாதை போடுவார், போட்ட நடைபாதையை உடைத்துச் சாக்கடை கட்டுவார். அரசாங்க வேலை எடுத்துச் செய்கிறவர்கள் எந்தக் கட்சிக்கும் நன்கொடை தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இவர் தரவே மாட்டார். "ஒரு காசு குடுத்தேன்னு நிரூபிக்கச் சொல்லுங்க பார்ப்போம்!" நிரூபிக்க முடியாது. ஏனென்றால் கொடுத்தது அவர் மச்சான்.

செய்தித்தாளில் தேர்தல் தேதி வருவதற்கு முன்பே இவருடைய சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்; வள்ளல் ஆப்பிள் பையோடு அவர்கள் வாசலில் வந்து நிற்பார். "என்ன மச்சான், உடம்பு இளைச்ச மாதிரி இருக்கு?" என்று பாசம் பொங்கினால், "இதுல ஒரு கையெழுத்து" என்பது அடுத்த வரி. முதலில் மச்சானுக்கு அன்பளிப்பாகப் பணம் போகும். பிறகு மச்சான், யாரும் தூண்டாமல், மனம் உவந்து அதைக் கட்சிக்குக் கொடுப்பார். "என் மச்சானுக்கு நான் குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது?" ஒரு சட்டம் சொல்லத்தான் செய்கிறது. அது 'தவிர'வுக்கு முன்னால் இருப்பதால் அவர் கண்ணில் படவில்லை.

இவருடைய டிரைவர், தன் வருஷச் சம்பளத்தைவிடப் பெரிய தொகையைக் கட்சிக்கு வாரிக் கொடுத்தவர். எப்படியப்பா என்று கேட்டேன்.

"கொள்கைப் பிடிப்பு சார்."

"எந்தக் கொள்கை?"

"அது முதலாளிக்குத்தான் தெரியும்."

மச்சானை ஒரு கட்சிக்கும் சகலையை எதிர்க்கட்சிக்கும் ஒதுக்கியிருந்தார். இரண்டு பேரும் அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போனவர்கள் இல்லை. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்ட கை காய்வதற்குள், உங்க கட்சி நாட்டையே வித்திருச்சு என்று சகலை சொல்ல, எங்க கட்சி இல்லைன்னா நாடே இல்லை என்று மச்சான் எகிற, சட்டைக் காலர் கிழிந்தது. தனக்கு யார் ஒதுக்கிய கொள்கை என்பது இருவருக்குமே மறந்து போயிருந்தது. வெறும் கையெழுத்து என்று நினைத்தது இப்படி ஆளுக்குள் இறங்கிவிடும் என்று வள்ளல் அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும். அவர் கிழிந்த காலருக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தேர்தலில் அவருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. நாலு தெரு தள்ளி நகராட்சிக்குச் சொந்தமான ஒரு காலி மனை. பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம். அதைக் குத்தகைக்கு எடுத்து ஒரு கான்கிரீட் கலவை ஆலை போட வேண்டும். சிமெண்டுத் தூசி பறக்கும், விடியுமுன் லாரி உறுமும்; ஆனால் நம் பக்கம் வராது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் மனையே பார்த்தார். காற்று அடிக்கிற பக்கத்தில், மனையை ஒட்டின முதல் வீடு அவருடைய மாமியார் வீடு. அந்த அம்மாளுக்கு மூச்சிரைப்பு. மருந்துக் குழலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

அந்த மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அடுத்தவர்கள் பேசிக்கொள்ள லைன் போட்டுக் கொடுத்தே ஆயுசைக் கழித்தவர். வள்ளலின் கண்ணுக்கு அவர் ஒரு பொக்கிஷம். பென்ஷன் வருகிறது, கம்பெனியில் பங்கு இல்லை, அதிகம் பேசமாட்டார். ஆகவே ஜெயிக்கப் போகிற கட்சிக்கு, வரம்பைத் தொட்டும் தொடாமலும், இருப்பதிலேயே பெரிய தொகை மாமியார் பெயரில் போயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் தன் வீட்டு நெய்யை மாமியார் கையால் பரிமாறினார்.

கட்சி ஜெயித்தது. ஆனால் தேர்தல் சட்டத்தில் புதிதாக ஒரு விதி வந்திருந்தது: ரசீது, கொடுத்தவர் வீட்டு முகவரிக்கே போக வேண்டும். போயிற்று. ரசீதைக் கையில் பிடித்தபடி மாமியார் மருமகன் வீட்டுக்கு வந்தார். நான் என் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், ஒட்டுக்கேட்கவில்லை, கேட்டது.

"மாப்ளே, நான் இவ்வளவு பணமா குடுத்தேன்?"

"சட்டப்படி நீங்கதான் அத்தை குடுத்தீங்க."

"அப்ப இது என் பணமா?"

"சட்டப்படி உங்க பணம்தான்."

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"என் பணம், நான்தான் குடுத்தேன்னு அடிச்சுச் சொல்லணும். மாத்திப் பேசிடாதீங்க, எல்லாரும் மாட்டிக்குவோம்."

"மாத்திப் பேச மாட்டேன்" என்றார் மாமியார். ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அழைப்பு வந்தது. ஜெயித்த உறுப்பினர் நன்கொடையாளர்களுக்குத் தேநீர் விருந்து வைக்கிறார். அதற்கும் ஒரு விதி: கதவைத் திறந்து வைத்து, தேர்தல் அலுவலக அதிகாரி ஒருவர் முன்னிலையில்தான் சந்திக்க வேண்டும், யார் என்ன கேட்டாலும் அவர் குறித்துக்கொள்வார். மாமியாருக்கு அழைப்பு உண்டு. டிரைவருக்கும் உண்டு. வள்ளலுக்கு இல்லை, சட்டப்படி அவர் ஒரு காசும் கொடுக்கவில்லையே!

ஐயா, அந்தக் காட்சியை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பின் சீட்டில் மாமியார். பக்கத்தில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கூச்சத்தில் நெளிந்தபடி டிரைவர். முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நம் வள்ளல். விருந்தாளிகளைக் கட்சி அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, மற்ற டிரைவர்களோடு நிழலில் நின்றாராம். போகிற வழியெல்லாம் மாமியாருக்குப் பாடம்.

"அத்தை, ஒரே வரிதான். 'அந்தக் காலி மனை விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துக்குங்க'ன்னா போதும். கட்சிப் பொருளாளர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவருக்குப் புரியும்."

"எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, பிள்ளைங்க விளையாடுற மனையா மாப்ளே?"

"அதேதான்."

"அங்க என்ன வரப்போகுது?"

"சின்னதா ஒரு யூனிட் அத்தை. உங்களுக்கு அதெல்லாம் புரியாது."

மாமியார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆட்கள் அளந்ததை அவர் சமையலறை ஜன்னலிலிருந்து ஏற்கெனவே பார்த்திருந்தார்; கான்கிரீட் ஆலை என்று அவர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்திருந்தது.

உள்ளே நடந்தது டிரைவர் சொன்னது. கொடுத்த தொகையின் வரிசைப்படி நாற்காலி. அதனால் உறுப்பினருக்குப் பக்கத்தில் மாமியார்.

"சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன செய்யணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு காலி மனை. அந்த விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துக்குங்க."

பொருளாளர் முகம் மலர்ந்தது. "பார்த்துக்கலாம்மா" என்றார் உறுப்பினர்.

"அங்க யாரோ கான்கிரீட் ஆலை போடப் பார்க்கிறாங்களாம். அது வரக் கூடாது. பிள்ளைங்க எங்க போய் விளையாடும்? எனக்கு வேற மூச்சிரைப்பு."

பொருளாளர் பதறிப்போய்க் குனிந்து உறுப்பினர் காதில், "அண்ணே, இது அந்தம்மா பணம் இல்லை, மருமகன் பணம்" என்று கிசுகிசுத்தார். எக்ஸ்சேஞ்சில் இரைச்சலுக்கு நடுவே கடல் தாண்டி வந்த குரலையெல்லாம் பிரித்துக் கேட்ட காது அல்லவா மாமியாருடையது?

"என்ன தம்பி, என் பணம் இல்லைங்கிறாரு? அப்ப யாரு பணம்?"

அதுவரை பிஸ்கட்டோடு ஐக்கியமாகியிருந்த தேர்தல் அதிகாரி பிஸ்கட்டை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். உறுப்பினர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் தரையைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் உறுப்பினரின் பதவி, பொருளாளரின் பிழைப்பு, வெளியே நிழலில் நின்ற மனிதரின் அத்தனை காண்ட்ராக்டும் ஒரு கிழவியின் கேள்வியில் தொங்கின.

"உங்க பணம்தாம்மா. வேற யாரு பணம்?" என்றார் உறுப்பினர்.

"அப்ப நான் கேட்டதை எழுதிக்கச் சொல்லுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த நாற்காலி டிரைவர். அவருக்கும் மாமியாரின் தெருவில்தான் ஒண்டுக் குடித்தனம். "அம்மா கேட்டதுதான் சார் எனக்கும்" என்றார். அதுவும் பதிவாயிற்று. எனக்குத் தெரிந்து, கொள்கைக்காக அவர் பேசியது அன்றுதான்.

திரும்பும் வழியில் வள்ளலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சொன்னீங்களா அத்தை?"

"சொன்னேன் மாப்ளே. காலி மனை விஷயந்தான்."

"என்ன சொன்னாரு?"

"பார்த்துக்கறேன்னாரு."

டிரைவர் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டார். வள்ளல் மகிழ்ச்சி தாங்காமல் வழியில் வண்டியை நிறுத்தி மாமியாருக்கு ஆப்பிள் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் அந்த மனையைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. 'குழந்தைகள் விளையாட்டுத் திடல்' என்று நகராட்சிப் பலகை வந்தது. அன்று மாலை வள்ளல் வெளிறிய முகத்தோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், யார் மேல கேஸ் போடலாம்?"

"எதுக்கு?"

"என் பணத்தை வாங்கிட்டு..." நிறுத்தினார். வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "எங்க அத்தை பணத்தை வாங்கிட்டு, கேட்ட காரியத்தைச் செய்யலை."

"அத்தை கேட்டதுதானே நடந்திருக்கு?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். எனக்கே பாவமாகிவிட்டது, உண்மையைச் சொன்னால், சிரிப்பும் வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் என்று சொல்லி ஊர் சிரிக்கலாம். இவருக்கு அந்த ஆறுதல்கூடக் கிடையாது; சட்டப்படி அது சொந்தக் காசு இல்லை. அதோடு போயிற்றா? மறுநாள் மாமியார் போன் செய்து, "அடுத்த தேர்தலுக்கும் என் பேர்லயே போடுங்க மாப்ளே. எங்க தெருவிளக்கு ரெண்டு மாசமா எரியலை" என்றாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, கட்சியா காண்ட்ராக்டா என்கிறீர்கள். 'ஒருவருக்கு ஒன்று மட்டும்' என்று பலகை மாட்டின மலிவு விலைக் கடையில், மனைவியை ஒரு வரிசையிலும், தம்பியை ஒரு வரிசையிலும், மூக்கு ஒழுகுகிற பிள்ளையை மூன்றாவது வரிசையிலும் நிறுத்திவிட்டு, யாரோ எவரோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்களே, அது யார்? வரிக்குப் பயந்து மனையைத் தங்கை பெயரில் எழுதி வைத்தது யார்? அரை டிக்கெட்டுக்காகப் பஸ்ஸில் பிள்ளையின் முழங்காலை மடக்கச் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். யார் பெயரில் செய்தீர்களோ, அந்த ஆள் ஒரு நாள் கைப்பையோடு உங்கள் வாசலில் வந்து நின்று, "அது என்னுதுதானே?" என்று கேட்பார். நீங்கள் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

சட்டப்படி.