ஆயிரத்தைப் பூச்சியமாக்கிய மாமா

குண்டசாலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் விமலநாதனுக்கு,

மாமா சோதிலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமியும் முழுசாக இருக்கிறோம். கனடாவில் நீங்களும், ஏழு மாத வயிற்றோடு மகள் இராஜகுமாரியும் சுகமாயிருக்கக் கதிர்காமக் கந்தன் துணை.

டவுனில் நடந்த குழப்பத்தைக் கேள்விப்பட்டு, "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் வராட்டி பிளேன் ஏறுவன்" என்று மகள் ஈமெயில் போட்டிருக்கிறாள். ஏழு மாதத்தில் பிளேனா என்று மாமி அழுகிறாள். எங்கள் போனில் வெளிநாட்டுக்குப் பேச வழியில்லை, கட்டுகஸ்தோட்டையில் போன் பேசும் கடையும் பூட்டு, ஆகவே ஈமெயில் எழுத நீங்கள் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்த அந்தக் கறுப்புத் திரைப் புரோகிராமின் முன் உட்கார்ந்தேன். அதில் கடிதத்தை மூட எஸ்கேப் கீயை அழுத்தினால் மெஷின் ஒரு செக்கன் சும்மா நிற்கும், நானோ பஸ் நிற்க முன்னம் இறங்குகிற ஆள், அந்த ஒரு செக்கனில் நாலு தரம் குத்திவிடுவேன். அந்த ஒரு செக்கனுக்கு ஆயிரம் என்றிருப்பதை ஐந்நூறாக்கினால் பாதி நேரம்தான் நிற்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஐந்நூறே நல்லதென்றால் பூச்சியம் இன்னும் நல்லதுதானே என்று பூச்சியம் போட்டேன்.

அம்புக்குறிக் கீயை அழுத்தினாலும் போன் லைனில் முதலில் போவது எஸ்கேப்தான், பின்னால் வரும் எழுத்துகளுக்காகத்தான் மெஷின் காத்து நிற்கிறது என்பதைப் பிறகுதான் உங்கள் பழைய கடிதத்தில் வாசித்தேன். எங்கள் லைனோ ஹந்தானை மலைக்கு ஏறும் பஸ் மாதிரி மெதுவு. நான் ஒரு வரி மேலே போக அம்புக்குறியைத் தொட்டதும், பொறுமையில்லாத மெஷின் அதை வெறும் எஸ்கேப் என்று எடுத்துக் கடிதத்தையே மூடிவிடுகிறது. மூன்று நாளாக எழுதுகிறேன், மூடுகிறது.

"இஞ்சேருங்கோ, பழையபடி ஆயிரத்தையே போடுங்கோவன்" என்கிறாள் மாமி.

"போடலாம். அந்த ஆயிரம் இருந்த வரிக்குப் போகவும் அம்புக்குறி வேணுமே."

"அப்ப, மெஷினும் இப்ப உங்களை மாதிரி."

இன்றிரவு கனடாவுக்குப் பிளேன் ஏறும் பக்கத்து வீட்டு ராஜலிங்கம் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மகளைத் தடுத்து வையுங்கோ.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு என் அவசரம் வராமலிருக்க ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கோபத்தில் மெஷினிலிருந்து போன் வயரைப் பிடுங்கினேன். உடனே போன் அடித்தது. மகள்தான். "மூண்டு நாளா உங்கட லைன் எங்கேஜ்ட், அப்பா. 'உங்கட அப்பா இருந்து எஸ்கேப்பைக் குத்திக்கொண்டிருக்கிறார், உயிரோட இருக்கிறபடியால்தானே லைன் எங்கேஜ்ட்' எண்டு இவர் எனக்குச் சொல்லிப்போட்டார். முந்தாநாளே டிக்கெட்டைக் கான்சல் பண்ணிட்டம்."

ஆகவே மேலே எழுதியதொன்றும் தேவையில்லை. அம்புக்குறி இல்லாமல் ஆயிரத்தைத் திரும்பப் போடுவது எப்படி என்று மட்டும் எழுதவும். அவசரமில்லை, பொறுத்திருப்பேன். இதை வாசித்துவிட்டு மாமி சிரிக்கிறாள்.